காது நறுக்கிய முயல்கள்

துரத்திவிட்டார்களாம்! யார் சொன்னது? உரேடியாவை வேலையிலிருந்து யாரும் துரத்தவில்லை. அவளாகத்தான் வந்தாள், தன் காலால் நடந்து, பட்டப்பகலில், பின்வாசல் வழியாகக்கூட இல்லை, முன்வாசல் வழியாக. முயல் கறியில் மருந்து கலந்து தெருவுக்கே ஊட்டிவிட்டாள் என்று குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்களே, அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த விஷயம் உங்களுக்கு யார் சொல்லித் தெரிந்தது? அவள் சொல்லித்தானே? அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கும் கள்ளுக்காரி உலோவாக்கு கடையில் உட்கார்ந்து அந்த முயல் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, எலும்பைச் சப்பிக்கொண்டு, இன்னும் ஒரு கிண்ணம் ஊற்று என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அவள் மூடிய பேசினைத் தலையில் வைத்துக்கொண்டு வேலையிடத்தின் பின்கேட்டைத் தாண்டிப் போனதைக் கண்ணால் பார்த்தோம் என்கிறார்கள். பார்த்திருப்பார்கள். போனதும் உண்மை. எங்கே போனாள், எதற்குப் போனாள் என்று ஒருத்தியாவது பின்னால் போய்ப் பார்த்தாளா? மூக்கைப் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பி நின்றவர்கள்தானே எல்லோரும்.

மூக்கைப் பொத்தியதில் தப்பில்லை. அந்த நாற்றம் அப்படி. மலைமேல் இருக்கிற பல்கலைக்கழகத்தின் விலங்குக் கூடத்தில் காலை வைத்தாலே கண்ணில் தண்ணீர் கொட்டும். முயல் மூத்திரம் தகரத் தட்டில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி அதன்மேலேயே பெய்து, வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். அதைச் சுரண்டுவதுதான் உரேடியாவின் வேலை. புருஷன் கல்குவாரியில் பாறை சரிந்து செத்துப்போன பிறகு அவள் பல்கலைக்கழக வாசலில் காராமணி வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். கூடத்துத் தலைவர் அசோக்வா தினமும் வடை வாங்குகிறவர். "ஏம்மா, இந்தப் புகையில எத்தன நாளு வேகப்போற? உள்ள வா, மாசச் சம்பளம்" என்று அவர்தான் கூப்பிட்டார். மகள் சோமா அப்போது சின்னப்பெண். பள்ளிக்கூடம் போக வேண்டும். உரேடியா வடைச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

முதல் வாரம் முழுக்க வாந்தி. கசப்புக் கோலாக்கொட்டையை மென்று மென்று வயிற்றை அடக்கினாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து நின்றார்கள். மாதாகோயிலில் பெண்கள் பெஞ்சில் அவளுக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருந்தது. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் குளிப்பாள், வாசனை இலையைக் கசக்கிக் கழுத்தில் பூசுவாள். ஒன்றும் ஆகாது. நாற்றம் தலைமுடிக்குள் குடியிருந்தது. ஆனாலும் அந்தப் பிராணிகளை அவள் வெறுக்கவில்லை. தட்டைச் சுரண்டும்போது திட்டிக்கொண்டே இருப்பாள். "இந்தாடி, இவ்வளவு தின்னா இவ்வளவு பேளத்தான் செய்வே. நவுரு." அவ்வளவுதான் அவள் கோபம்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படிக்கிற பிள்ளைகள் ஆராய்ச்சி என்று வந்தால் முயல்களை இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்தைக் கடலை எண்ணெயில் கரைத்துத் தொண்டைக்குள் குழாய் விட்டு ஊற்றுவார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வெறும் எண்ணெய். மருந்து தின்ற முயல்களுக்கு இடது காதில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. வெட்டுவது உரேடியாதான். முனை ஒடிந்த பழைய கத்தரிக்கோல் அவளுடையது. அதனால் வெட்டு நேராக விழாமல் கோணிக்கொண்டு போகும். எல்லாம் முடிந்த பிறகு காது வெட்டியவை பின்னால் இருக்கிற குழிக்குப் போய் மண்ணெண்ணெயில் எரிய வேண்டும். வெறும் எண்ணெய் குடித்தவை சட்டிக்குப் போகும். படிப்பை முடித்த பிள்ளை குளிர்பானம் வாங்கி வைக்கும், கூடத்து ஆட்கள் முயலை மயிர் பொசுக்கிச் சமைப்பார்கள், பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோரும் வந்து ஒரு வாய் சாப்பிடுவார்கள். அப்படி விருந்து வைக்காமல் அங்கே யாரும் பட்டம் வாங்கிக்கொண்டு போனதில்லை. சமையல் உரேடியாவுடையது. அவள் கைப்பக்குவத்துக்காகவே வேறு கட்டடத்து ஆட்களெல்லாம் அன்றைக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் வருவார்கள்.

எபெலே என்ற பெண் ஆராய்ச்சிக்கு வந்தபோதும் அப்படித்தான் தொடங்கியது. நல்ல பெண். வாசலில் நின்று வணக்கம் சொல்லாமல் உள்ளே வரமாட்டாள். அவள் கொண்டுவந்த மருந்து, பிள்ளை வேண்டாம் என்று பெண்கள் விழுங்குகிற அதே மாத்திரை. இளஞ்சிவப்பில் பொட்டு மாதிரி இருக்கும். அதை உரலில் இட்டுப் பொடிக்கும்போது உரேடியா கேட்டாள்.

"இது ஆஸ்பத்திரில எங்களுக்குக் குடுக்கறதுதானே? முயலுக்கு எதுக்கு? அதுங்க பெத்துத் தள்ளுதுன்னு உனக்கு என்ன கவல?"

எபெலே சிரித்துவிட்டாள். "பிள்ளைக்கு இல்லம்மா. கொழுப்புக்கு. ரத்தத்துல கொழுப்ப ஏத்திட்டுப் போற வண்டி ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கொண்டாந்து கொட்டும். இன்னொண்ணு கூட்டி அள்ளிட்டுப் போகும். இந்த மருந்து கொட்டுற வண்டிய ஜாஸ்தி ஆக்குதா, அள்ளுற வண்டியக் கம்மி ஆக்குதான்னு பாக்கப்போறேன்."

"அப்ப எங்க தெருக் குப்பை வண்டி இந்த மாத்திரையத்தான் முழுங்கியிருக்கு. மழைக்காலத்துல போனது, இன்னும் காணோம்."

மருந்தின் மேல் உரேடியாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. சோமா பிறந்த பிறகு அவளே கொஞ்ச காலம் விழுங்கியவள்தான். நர்ஸ் எதிரில் உட்கார்ந்து, இது இன்னது, இப்படிச் செய்யும் என்று கேட்டுக்கொண்டு, சரி என்று தலையாட்டி விழுங்கினாள். எபெலே முயலுக்கு ஊற்றியது அதைவிட எத்தனையோ பங்கு அதிகம். முயலை யாரும் கேட்கவில்லை. அது வேறு கதை.

போகப்போக அந்த முயல்கள் மாறின. தாடைக்குக் கீழே தொளதொளவென்று பை தொங்கியது. தூக்கினால் கைக்குள் நிற்காமல் வழிந்தன. மயிர் பிசுக்காகித் திட்டுத்திட்டாக உதிர்ந்தது. மாதத்துக்கு ஒரு தடவை சிலவற்றை எடுத்து மயக்கம் கொடுத்து ரத்தம் எடுத்து அறுப்பார்கள். எண்ணெய் குடித்ததன் ரத்தத்தைச் சுழற்றி வைத்தால் மேலே தெளிந்து நிற்கிற தண்ணீர் வைக்கோல் நிறத்தில் இருக்கும். மருந்து குடித்ததன் ரத்தத்திலோ வெள்ளையாக, கலங்கலாக, ஆறிப்போன சோளக்கூழ் மாதிரி நின்றது. குழாயைச் சாய்த்தால் கண்ணாடியில் பாலாடை போல் ஒட்டியது. வயிற்றை அறுத்தால் ஈரல் சிவப்பாக இல்லை. மஞ்சள் பாரித்துப்போய், விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து, விரலெல்லாம் நெய் பூசியதுபோல் ஆனது. குடலைச் சுற்றி மஞ்சள் கொழுப்பு கட்டிகட்டியாக. உரேடியா எத்தனை முயலை அறுத்தவள், அன்றைக்குக் கோலாக்கொட்டை போதாமல் இஞ்சியையும் சேர்த்துக் கடித்தாள்.

மிச்சத்தைப் பேசினில் போட்டு மூடிக் குழிக்குத் தூக்கிப் போவாள். அசோக்வா, "நீ வச்சிட்டுப் போம்மா, மண்ணெண்ணெய் என்கிட்ட இருக்கு, நான் கொளுத்திக்கிறேன்" என்பார். மயிர் எரிகிற நாற்றத்திலிருந்து தப்பித்தோம் என்று அவளும் வந்துவிடுவாள். தெரு பார்த்த பேசின் அதுதான்.

இப்போது சோமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோமா கல்யாணமாகிக் கீழ்த்தெருவில் இருந்தாள். புருஷன் இக்கெம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன், நல்லவன்தான், ஆனால் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். கல்யாணமாகி இரண்டு கிழங்கு அறுவடை போய்விட்டது, வயிற்றில் ஒன்றும் இல்லை. மாமியார் ஓடோசிக்கு யாரோ சொன்னார்கள், முயல் நிறையக் குட்டி போடுகிற ஜாதி, அதைத் தின்றால் இவளும் பெறுவாள் என்று. பிடித்துக்கொண்டாள். நாலு நாளைக்கு ஒரு தடவை ஆஃபோ சந்தை கூடும்போதெல்லாம் உலோவாக்கு கடையிலிருந்து ஒரு தூக்கு முயல் மிளகுச்சாறு வரும். குடித்து முடிக்கிற வரைக்கும் ஓடோசி பக்கத்திலேயே நிற்பாள். அடுத்த புதுக்கிழங்குப் பண்டிகைக்குள் ஒரு நல்ல செய்தி இல்லையென்றால் மருமகள் துணியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைத்திருந்தாள்.

ஒரு ஆஃபோ நாளில் உரேடியா மகளைப் பார்க்கப் போனாள். சோமா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. சாற்றின் மேல் கொழுப்பு விரல் தடிமனில் மிதக்கிறது.

"அந்த மேல மிதக்கறத மொதல்ல குடி. அதுலதான் சத்து" என்றாள் ஓடோசி. "வாங்க சம்பந்தி. உங்க பொண்ணுக்கு ஊட்டி ஊட்டியே எனக்கு வயசாயிடுச்சு."

சோமா கரண்டியால் கிளறினாள். அடியிலிருந்து ஒரு காது மேலே வந்தது. மயிர் பொசுக்கி, வெந்து, பழுப்பாகச் சுருண்ட காது. ஓரத்தில் ஒரு வெட்டு. கோணிக்கொண்டு போன வெட்டு.

உரேடியாவுக்கு முதலில் புரியவில்லை. கை தானாக நீண்டது. மகளின் கரண்டியிலிருந்து அதை எடுத்து விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். தன் கத்தரிக்கோல். தன் கை. அந்தப் பை தொங்கிய தாடை, அந்தக் கூழ் ரத்தம், அந்த மஞ்சள் ஈரல், எல்லாம் சேர்ந்து அவள் தொண்டைக்கு வந்தது. கிண்ணத்தைத் தட்டிவிட்டு முற்றத்துச் சாக்கடைக்கு ஓடினாள். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். விரலில் ஒட்டியிருந்த கொழுப்பு மண்ணில் தேய்த்தும் போகவில்லை.

"என்ன சம்பந்தி இது? உங்க பொண்ணு உருப்படறது உங்களுக்கே பிடிக்கலையா?" என்று ஓடோசி பின்னால் நின்று கத்தினாள்.

"கறி கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னாள் உரேடியா. பிள்ளை பிறக்க வேண்டும் என்று மாமியார் ஊற்றியது, பிள்ளை வராமல் தடுக்கிற மருந்து தின்ற முயலின் கொழுப்பு. அந்த முயலை அறுத்தவள் அம்மா. இதை எந்த வாயால் சொல்வது? நேரே உலோவாக்கு கடைக்குப் போனாள்.

உலோவாக்கு கள்ளுக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முயல் எங்கேந்துடி வாங்குற?"

"என்னக்கா கேள்வி இது? சந்தையில கொஞ்சம், உங்க ஆபீஸ்ல கொஞ்சம். உங்க அசோக்வா சார்தான் சாக்குல கட்டி அனுப்புவாரு. வெலையும் கம்மி, கொழுப்பும் ஜாஸ்தி. ஆளுங்க அதத்தான் கேக்கறாங்க." உலோவாக்கு கையைத் துடைத்துக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தாள். "நீதானே குழிக்குத் தூக்கிட்டுப் போய் வைப்பியாம். உனக்குத் தெரியும்னு இல்ல நான் நெனச்சேன்?"

"அது ஆராய்ச்சி மருந்து ஊத்தின பொணம்டி! மயக்க மருந்துல செத்தது!"

"ஐயையே!" என்று உலோவாக்கு மடியில் கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இத வெளிய சொல்லிடாத. என் கடை போயிடும். அந்தாளு அனுப்பினா இனிமே வாங்க மாட்டேன். சத்தியமா."

மறுநாள் உரேடியா போய்க் கேட்டபோது அசோக்வா சிரித்தார். அவர் சிரிக்கும்போது தொப்பை தனியாகக் குலுங்கும்.

"நெருப்புல வெந்தா எல்லாம் செத்துடும்மா. யாருக்காவது வயித்து வலி வந்துச்சா? ஊர்ல கறி விக்கற வெலைக்கு, நல்ல கறியப் போட்டு எரிக்கறது பாவம்."

"என் பொண்ணு குடிச்சிருக்கா சார்."

சிரிப்பு நின்றது. "சரி, நிறுத்திடறேன். விடு. ஆனா ஒண்ணு. பேசினத் தூக்கிட்டுப் போனது நீ. தெருவே பாத்திருக்கு. வெளிய பேசினா நாத்தம் யார் மேல ஒட்டும்னு நெனச்சுக்கோ."

அவள் எபெலேயிடம், யாரோ ஒருத்தி தின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதுபோல் கேட்டாள். எபெலேக்குத் திக்கென்றது. "தெரியலம்மா. வெந்த கறில எவ்வளவு மிச்சம் இருக்கும்னு யாரும் பாக்கல. ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். ஏம்மா?" சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டாள் உரேடியா. ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். வேலை போனால் சாப்பாடு இல்லை. அசோக்வா நிறுத்திவிடுகிறேன் என்கிறார். உலோவாக்குவும் சத்தியம் செய்தாள். நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது. சோமாவிடம் மட்டும், அதைக் குடிக்காதே, கொட்டிவிடு என்று காதோடு சொன்னாள். "எங்கம்மா கொட்டறது? கழுத்துக்கு மேலயே நிக்கறாங்க. காரணம் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள் சோமா.

எபெலே படிப்பை முடித்தாள். விருந்து நாள் வந்தது. வழக்கமாக எண்ணெய் முயல்களைக் கூண்டிலிருந்து உயிரோடு எடுத்து உரேடியாவே அறுப்பாள். அன்றைக்கு அவள் வருவதற்குள் அசோக்வா எல்லாவற்றையும் பொசுக்கி, துண்டு போட்டு, பேசினில் வைத்திருந்தார். தலை ஒன்றுகூட இல்லை.

"கூண்டு காலியா இருக்கே, எண்ணெய் முயல் இதுதானா சார்?"

"ஆமாம்மா. உனக்கு வேலை மிச்சமாகட்டும்னு நானே பண்ணிட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கத்தியைத் தொட்டதில்லை. உரேடியா ஒரு துண்டு ஈரலை எடுத்து அமுக்கினாள். பள்ளம் விழுந்தது, எழும்பவில்லை. விரலில் நெய் பூசியது. மூக்கில் வைத்தால் மயக்க மருந்தின் தித்திப்பு நாற்றம் இன்னும் இருந்தது. எண்ணெய் முயல்களை உயிரோடு சந்தைக்கு ஏற்றிவிட்டார். உயிருள்ளதற்கு நல்ல விலை. செத்ததை இங்கே சட்டிக்குத் தள்ளிவிட்டார். அப்படியென்றால் உலோவாக்கு கடைக்கும் சாக்கு போய்க்கொண்டுதான் இருக்கிறது. சோமாவின் கிண்ணத்துக்கும்.

அவள் சமைத்தாள். மிளகாய், வாசனை இலை, உப்பு, எல்லாம் போட்டாள். பானையில் மஞ்சள் கொழுப்பு நுரை தள்ளி மேலே வந்தது. கரண்டியால் வழித்துக் கொட்டக் கொட்ட மறுபடி வந்தது. அந்த ஆவி முகத்தில் அடிக்கும்போதெல்லாம் மகள் தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது.

பெரிய டாக்டர் அனிக்வே நடுவில் உட்கார்ந்தார். எபெலே புது உடுப்பில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். வேறு கட்டடத்து ஆட்களும் வழக்கம்போல் ஏதோ வேலையாக வந்திருந்தார்கள். உரேடியா முதல் தட்டை டாக்டருக்கு வைக்கவில்லை. அசோக்வாவின் எதிரில் வைத்தாள்.

"குடுக்கறவங்க மொதல்ல வாய் வைக்கணும் சார். கறி நீங்க குடுத்தது."

அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. கள்ளாக இருந்தாலும் கறியாக இருந்தாலும் கொடுக்கிறவர் முதலில் வாயில் வைத்துக் காட்டாமல் அந்த ஊரில் எவரும் தொடமாட்டார்கள்.

"எனக்கு வயித்துல புண்ணு. காரம் ஆகாது."

"காரமே இல்லாத ஈரலா எடுத்து வச்சிருக்கேன்."

"ஒரு துண்டுதானேய்யா. சாப்பிடு, எங்களுக்குப் பசிக்குது" என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே.

அசோக்வா எடுத்தார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். எண்ணெய் மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது. வாய் திறக்கவில்லை. நெற்றியில் வேர்வை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டைத் தட்டில் போட்டுவிட்டுக் கையைத் தொடையில் துடைத்தார்.

எபெலே குனிந்து அந்த ஈரலை விரலால் அமுக்கினாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "டாக்டர், இது என் மருந்து முயல்."

ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. யாருக்கும் தெரியாமல் பானையிலிருந்து கிள்ளித் தின்றிருந்த ஒருவர் தூணோரம் ஓடித் துப்பினார். டாக்டர் அனிக்வே எழுந்து நின்றார். முகம் மாறிவிட்டது, ஆனால் குரல் மெதுவாகவே இருந்தது.

"அந்தக் கதவச் சாத்துங்க. யாரும் வெளிய போய்ப் பேச வேண்டாம். நாம விசாரிப்போம். சோமா அம்மா, உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கறேன்."

"விசாரிங்க டாக்டர். அது வரைக்கும் கடையில இது வெந்துக்கிட்டே இருக்கும்."

"எந்தக் கடையில?" என்றார் அவர். உரேடியா அசோக்வாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அவள் மேலங்கியின் முடிச்சை அவிழ்த்துக் கொக்கியில் மாட்டினாள். பூட்ஸைக் கழற்றினாள். கதவை யாரோ பாதி சாத்தியிருந்தார்கள். அதைத் தள்ளித் திறந்தாள்.

"போ!" என்று அசோக்வா பின்னாலிருந்து கத்தினார். "போய்ச் சொல்லு! உன்னத்தான் சொல்லுவாங்க! நீ வித்தன்னுதான் சொல்லுவாங்க!"

"சொல்லட்டும்" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசல் காவல்காரர் ரேடியோவைத் தாழ்த்திவிட்டு அவள் வெறுங்காலைப் பார்த்தார். "என்னக்கா, விருந்து நாள்ல இவ்வளவு சீக்கிரம்? சாப்பாடு முடிஞ்சிருச்சா?"

"இன்னிக்கு ஆஃபோ நாளுப்பா" என்றாள் உரேடியா. "சம்பந்தி வீட்டுக்குப் போறேன். அந்தம்மா அங்க கிண்ணத்தோட நின்னுக்கிட்டிருப்பாங்க. மொதல்ல அதக் கவுக்கணும். அப்புறம் தெருவுக்குச் சொல்லணும்."

வெயிலில் மேட்டை விட்டு இறங்கினாள். காலை எட்டிப் போட்டு, கிட்டத்தட்ட ஓடினாள்.